இசாபெக் வீட்டில் கரண்ட் இல்லை

“கரண்ட் ஆபீஸா? எங்க வீட்ல கரண்ட் இல்ல, மகளே. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து இல்ல. இது மூணாவது தடவை சொல்றேன்.”

வயதான குரல். குளிரில் பல் தந்தியடிக்கிற குரல்.

பெகிமாய் பதிவை நிறுத்தி, தன் செல்போனை மேஜை மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். அக்பெல் நகரத்துக் கரண்ட் ஆபீஸில் புகார் போன் எடுக்கிற பெண் அவள். மதிய ஷிப்டை வேறொருத்தி தலையில் கட்டிவிட்டு, ரொட்டிக் கடை மாடியில் இருக்கிற இந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு ஓடி வந்திருந்தாள்.

“முழுசாப் போடு” என்றாள் கனிகேய். பதினாறு வருஷம் போலீஸில் குற்றப் புலனாய்வு பார்த்தவள். மேலதிகாரிகளிடம் வாயை அடக்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக வெளியே வந்தவள்.

பதிவு தொடர்ந்தது. அடுத்து கேட்டது பெகிமாயின் குரல்.

“அட்ரஸ் சொல்லுங்க.”

“ஏழாம் பிளாக். மூணாவது மாடி, முப்பத்தெட்டாம் நம்பர்.”

“உங்க வீட்ல மட்டும் இல்லையா, பக்கத்து வீட்லயும் இல்லையா?”

“பக்கத்து வீட்ல சத்தமே இல்லம்மா. பிளாக்கே செத்துப்போன மாதிரி கெடக்கு.”

“வெளிய எட்டிப் பாருங்க, எங்கயாவது லைட் எரியுதா?”

“பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு கிடையாது, மகளே. ஃப்ரிட்ஜ் ஓடற சத்தமே கேக்கல, அதை வச்சுதான் சொல்றேன். ஃபியூஸ் கட்டையைக் கூடக் கழட்டித் தடவிப் பாத்துட்டேன். கம்பி நல்லாத்தான் இருக்கு. சீக்கிரம் ஆளை அனுப்பு. விரலெல்லாம் மரத்துப் போகுது.”

பதிவு முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவில் மைனஸ் இருபத்திரண்டு டிகிரி உறைகுளிர்.

“பேர் இசாபெக்” என்றாள் பெகிமாய். “பார்வையில்லாதவங்க பட்டறையில முப்பது வருஷம் ஸ்விட்ச் மாட்டினவரு. மூணு தடவையும் லைன்மேனை அனுப்பினோம்க்கா. மூணு தடவையும் வீட்ல லைட் எரியுது, டிவி ஓடுது. அவரோட மருமகப் பையன் பெண்டாட்டி சாய்ரா வந்து கதவைத் திறக்கறா. பெரியவருக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு சொல்லி டீ கொடுத்து அனுப்பறா.”

சுவரோரம் ஹீட்டரைக் கட்டிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்த எர்மெக் சிரித்தான். “எங்க லைன்மேனுங்களுக்கு டீ கிடைச்சா போதும்க்கா. மலையே இடிஞ்சு விழுந்தாலும் ‘சப்ளை நார்மல்’னு எழுதிட்டு வந்துடுவானுங்க.”

அவனும் பழைய லைன்மேன்தான். கம்பத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குள் தகடு வைத்த பிறகு, கனிகேயிடம் டிரைவராகவும் உதவியாளாகவும் இருக்கிறான். சாதாரணமாகவே வாய் ஓயாது. பயம் வந்தால் இரண்டு மடங்கு ஓடும்.

“வயசானவர் தப்பாச் சொல்றாருன்னு விட்டுட வேண்டியதுதானே. உனக்கு எதுக்கு இத்தனை பயம்?” என்று கேட்டாள் கனிகேய்.

“இன்னிக்குக் காலையில அந்த சாய்ரா ஆபீஸுக்கு வந்தா. மூணு புகாரும் பொய்னு முத்திரை வச்ச லெட்டர் வேணுமாம். கோர்ட்ல காட்டணுமாம். கண்ணில்லாத மனுஷன் குளிர்ல நடுங்கிட்டு போன் பண்றாரு. அவருக்கு ஒரு கம்பளி வாங்க வராம, லெட்டர் வாங்க வர்றாளேன்னு...”

கனிகேய் எழுந்து தொப்பியை எடுத்தாள்.

முப்பத்தெட்டாம் நம்பர் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த சாய்ராவுக்கு முப்பது வயதிருக்கும். காதில் பெரிய வளையம். கரண்ட் ஆபீஸிலிருந்து வருகிறோம் என்று எர்மெக் தன் பழைய அடையாள அட்டையை ஆட்டிக் காட்டினான்.

“மறுபடியுமா? உள்ள வாங்க, நீங்களே பாருங்க. மாமா தூங்கறாரு. எழுப்பிடாதீங்க, எழுந்தா கத்துவாரு.”

பாதி திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியாக, கட்டிலில் ரஜாய் போர்த்திய ஓர் உருவம் தெரிந்தது. எர்மெக் வாசல் பக்கத்து மீட்டர் பெட்டியைத் திறந்தான். புத்தம் புது மீட்டர். சிவப்புப் புள்ளி மினுக் மினுக்கென்று சிமிட்டியது. டிசம்பரில்தான் மாற்றியிருந்தார்கள். தேதி ஒட்டியிருந்தது. அங்கே எந்தக் குறையும் இல்லை.

சமையலறைக்குப் போகும் வழியில் கால் இடறி, கிட்டத்தட்டக் குப்புற விழப்போனான். நடைபாதை நடுவில் ஒரு ஸ்டூல். அதைத் தாண்டினால் தரையில் ஒரு வாளி. சமையலறையில் அலமாரிக் கதவு ஒன்று முகத்துக்கு நேரே ஆவென்று திறந்து கிடந்தது.

“கண்ணிருக்கிற எனக்கே இந்த கதி. பெரியவர் இங்க தினமும் கராத்தே பண்ணுவாரோ?” என்று முனகினான்.

கனிகேய் சட்டென்று அவன் முழங்கையைப் பிடித்தாள். பிடி இறுகியது.

“இதேதான் நானும் பாத்தேன்” என்றாள் காதோரமாக. “கண்ணு தெரியாதவர் இருக்கிற வீட்ல வழியில ஒரு ஊசி கூடக் கெடக்காது, எர்மெக். இந்த வீட்ல அப்படி யாரும் இல்ல.”

“அப்போ கட்டில்ல இருக்கறது?”

கனிகேய் செல்போனை எடுத்தாள். பெகிமாய் தந்த பெரியவரின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. வீட்டில் எங்கேயும் எதுவும் ஒலிக்கவில்லை. தேநீர்க் கெண்டியோடு வந்த சாய்ரா வாசலில் அப்படியே நின்றாள்.

“ஹலோ?” என்றது அந்தக் குரல்.

“இசாபெக் ஐயாங்களா? எங்க இருக்கீங்க?”

“வேற எங்க இருப்பேன்? வீட்லதான். சமையலறையில உக்காந்திருக்கேன், ஜன்னலோரமா.”

எர்மெக் தன்னையறியாமல் ஜன்னலோரம் பார்த்தான். காலியான நாற்காலி. அதன் மேல் ஒரு பூனைக்குட்டி படம் போட்ட குஷன். அவன் பிடரி முடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

“ஐயா,” என்றாள் கனிகேய், வார்த்தையைத் தேடித் தேடி, “நானும் உங்க சமையலறையிலதான் நிக்கிறேன். ஏழாம் பிளாக், முப்பத்தெட்டு. இங்க நீங்க இல்ல.”

மறுமுனையில் ஒரு கை மேஜையைத் தடவுகிற ஓசை கேட்டது.

“இல்லையே...” என்றார் பெரியவர் கடைசியில். “கதவு இடது கைப் பக்கம். அடுப்பு மூணு எட்டுல. என் மேஜை, என் ஃப்ரிட்ஜ், என் லேம்ப். எல்லாம் இங்கதானேம்மா இருக்கு? வீடு மட்டும் வேற மாதிரி நாறுது. மூணு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு, செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வந்தப்போ கேட்டேன். பெயிண்ட் அடிச்சிருக்கோம்னு சாய்ரா சொன்னா. அப்போ நான் எங்க இருக்கேன்?”

டமார் என்று கெண்டி தரையில் விழுந்தது. சாய்ரா குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எர்மெக் பாய்வதற்குள் உள்ளேயிருந்து போனில் அவள் குரல் கீச்சிட்டது.

“மெதேர்! கண்டுபிடிச்சுட்டாங்க! உடனே அங்க போ! போயி எப்படியாவது முடிச்சுடு!”

கனிகேய் உள்ளறைக்குப் போய் ரஜாயை இழுத்தாள். இரண்டு தலையணை, ஒரு சுருட்டிய கோட்டு.

படியிறங்கும்போதே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஐயா, போனை மட்டும் வச்சுடாதீங்க. என்ன ஆனாலும் பேசிக்கிட்டே இருங்க. மெதேர் உங்களுக்கு என்ன வேணும்?”

“என் தங்கச்சி மகன். அவ போனப்புறம் நான்தான் வளர்த்தேன். ஏன் கேக்கறே?”

காருக்குள் ஏறியதும் கனிகேய் ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு எர்மெக்கிடம் திரும்பினாள். “ஆஸ்பத்திரியில மூணு வாரம் இருந்திருக்காரு. அதுக்குள்ள அச்சு அசலா இதே மாதிரி ஒரு வீட்ல அவர் சாமானைக் கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. அவரையும் கொண்டுபோய் விட்டுட்டு வெளிய பூட்டிட்டாங்க. அவர் போன் பண்ணப் பண்ண அவங்களுக்குத்தான் லாபம். ‘கரண்ட் இருக்கு, இல்லைங்கறாரு, பைத்தியம்’. கோர்ட்ல கார்டியன் ஆயிட்டா, வீட்டை வித்துடலாம். ஆனா எந்த வீடு? இந்த ஊர்ல ஒரே அச்சுல வார்த்த பிளாக் இருபது இருக்கு!”

எர்மெக் சாவியைத் திருகினான். “இருபது பிளாக், பிளாக்குக்கு அறுபது வீடு. கதவு கதவாத் தட்டினா வசந்த காலம் வந்துடும். அதுக்குள்ள அந்தாளு... நிஜமாச் சொல்றேன்க்கா, எனக்குப் பயமா இருக்கு. மீட்டரைப் பாத்தப்போ கூட நல்லாத்தான் இருந்தேன். புது மீட்டர், அழகா சிமிட்டிட்டு...”

அவன் வாய் திடீரென்று நின்றது. கனிகேய் திரும்பிப் பார்த்தாள். அவன் வாய் தானாக நிற்பது அவள் கேட்டறியாத விஷயம்.

“ஃபியூஸ் கட்டை!” என்று கத்தினான். “கழட்டித் தடவிப் பாத்தேன்னாரே! புது மீட்டர்ல ஏதுக்கா ஃபியூஸ் கட்டை? டிசம்பரோட ஊர் பூரா மாத்திட்டாங்க, ஆஸ்பத்திரியில இருந்ததால அவருக்கு அது தெரியல. மாத்தாதது ஒரே ஒரு பிளாக். இடிக்கப் போறதால கம்பளி மில்லுக்குப் பின்னால ரெண்டு வருஷமாக் காலியாக் கெடக்கற பத்தொம்பதாம் பிளாக். சப்ளையை டிரான்ஸ்ஃபார்மர்லயே நிறுத்தி வச்சிருக்காங்க. லைன்மேன்னு சொல்லிக்கறேன், பதிவைக் கேட்டப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்!”

“உன்னை அப்புறம் திட்டிக்கலாம். ஓட்டு” என்றாள் கனிகேய். எர்மெக்கின் போனை எடுத்து, பத்தொன்பதாம் பிளாக்குக்குப் போலீஸை அனுப்பச் சொல்லிப் பெகிமாய்க்குச் செய்தி தட்டினாள்.

மில்லைச் சுற்றிக்கொண்டு போகும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிவிட்டது. ஐந்து மணிகூட ஆகவில்லை, பனி மட்டும் நீலமாகத் தெரிந்தது. பத்தொன்பதாம் பிளாக் ஐந்து மாடிக் கறுப்புப் பாறையாக நின்றது. பாதி ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. வாசலில் எந்தக் கதவும் இல்லை. ஒரு கார் நின்றிருந்தது. எர்மெக் போகிற போக்கில் அதன் என்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்தான். சூடு.

“அவன் வந்துட்டான்க்கா.”

போனில் பெரியவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். பட்டறை நாட்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே அவர் போன் பீப் பீப்பென்றது. மூன்று நாளாகச் சார்ஜ் இல்லை.

“எந்த வாசல், எந்தப் படின்னு தெரியணுமே” என்றாள் கனிகேய். நாலு வாசல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. “ஐயா, உங்க கிட்ட லேம்ப் இருக்குன்னீங்களே, அது எங்க இருக்கு?”

“மேஜை மேல, ஜன்னலோரமா. சாயங்காலமானா ஸ்விட்சைப் போட்டுடுவேன். நான் இருக்கேன்னு கீழ போறவங்களுக்குத் தெரியட்டுமேன்னு. இப்பவும் போட்டுத்தான் வச்சிருக்கேன்.”

எர்மெக் ஏற்கனவே கட்டிடத்துக்கு எதிரே இருந்த டிரான்ஸ்ஃபார்மர் அறைக்கு நொண்டியபடி ஓடிக்கொண்டிருந்தான். கனிகேய் போனோடு பின்னாலேயே வந்தாள். வீல் ஸ்பேனரால் பூட்டை அடித்து உடைத்தான். தன் போனில் பெகிமாயைப் பிடித்தான். “பெகிமாய், பத்தொம்பதாம் பிளாக் சப்ளையை நான் போடப்போறேன். அனுமதி கொடு.”

“என் வேலை போயிடும்ணே.”

“அவர் உயிர் போயிடும்மா.”

“போடுங்க. போலீஸுக்கு நான் சொல்லிட்டேன், கிளம்பிட்டாங்க.”

லீவரை மேலே தள்ளினான். உம்ம் என்று பெட்டி உறுமியது. அந்தச் செத்த கட்டிடத்தில் ஒரே ஒரு ஜன்னல் மஞ்சளாக விழித்துக்கொண்டது. மூன்றாம் மாடி, இரண்டாவது வாசல்.

“பாத்தீங்களாக்கா!” என்று எர்மெக் கையை உயர்த்தினான். உயர்த்திய கை அப்படியே நின்றது.

மெல்லிய திரையில் நிழல் விழுந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருக்கிற ஒரு நிழல். அதற்குப் பின்னால், இரண்டடி தள்ளி, இன்னொன்று. நின்றுகொண்டிருந்தது. மார்போடு ஒரு தலையணையை அணைத்துப் பிடித்திருந்தது. திடீர் வெளிச்சத்தில் ஒரு கையால் கண்ணை மறைத்தது. பிறகு கையை இறக்கியது.

இதுவரை மெதேர் இருட்டில் கிழவரைத் தடவித் தேட வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரியும். அந்த வெளிச்சத்தைக் கொடுத்தது யார்? நான்தான், நான்தான் என்று எர்மெக்கின் நெஞ்சு அடித்தது.

கனிகேயின் குரல் மட்டும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “ஐயா, முகத்தைத் திருப்பாதீங்க. உங்களுக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான்.”

“ஆமாம்மா,” என்றார் பெரியவர், உரக்க, நிதானமாக. “தெரியும். ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிச்சுடுச்சு.”

எதைத் தெரியும் என்கிறார் என்று எர்மெக்குக்குப் புரியவில்லை.

“நீங்க பேசற வரைக்கும் அவன் கை வைக்க மாட்டான்” என்றாள் கனிகேய். “நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்னு அவனுக்குத் தெரியும். இப்போ கவனமாக் கேளுங்க. அது உங்க வீடு இல்ல. ஆனா உங்க வீடு மாதிரியே கட்டின வீடு. ஃப்ரிட்ஜ் நின்ன அடுத்த நொடி எழுந்து, உங்க வீட்லேர்ந்து எப்படிப் போவீங்களோ அப்படி வெளிய வந்துடுங்க. உங்களால முடியும். அவனால முடியாது.”

பீப் பீப் பீப். பெரியவரின் போன் செத்தது.

ஜன்னலில் உட்கார்ந்திருந்த நிழல் போனைக் காதிலிருந்து எடுத்தது. நின்றிருந்த நிழல் ஓர் அடி முன்னால் வந்தது.

“அணை!” என்றாள் கனிகேய்.

எர்மெக் முழு உடம்போடு லீவரில் தொங்கினான். ஜன்னல் மறைந்தது. கட்டிடம் மறைந்தது. கண்ணுக்கு முன்னால் அவன் கையே தெரியவில்லை.

மேலே ஒரு நாற்காலி உருண்டது. ஏதோ கண்ணாடி நொறுங்கியது. ஓர் ஆள் கத்தினான். வயதான குரலா, வாலிபக் குரலா? எர்மெக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. முழங்காலில் தகடு குத்தக் குத்த, வாசலுக்குள் புகுந்து படியேறினான். கனிகேய் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கைப்பிடிக் கம்பி பனியில் ஒட்டியது.

மேலே கதவு அறைந்து சாத்தும் ஓசை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

முதல் மாடித் திருப்பத்தில் கனிகேய் நின்று, கையை நீட்டி அவனைத் தடுத்தாள். யாரோ இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவசரமில்லாத காலடி. ஒன்று, இரண்டு, மூன்று. கும்மிருட்டில் ஒருமுறைகூடத் தடுமாறாத காலடி. எர்மெக் ஸ்பேனரை ஓங்கிப் பிடித்துக்கொண்டான்.

“...எட்டு, ஒம்பது” என்றது அந்தக் குரல். “யாரோ நிக்கறீங்க. மூச்சு வாங்குது. போன்ல பேசின பொண்ணா?”

கனிகேய் ஸ்பேனர் இருந்த கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “நான்தாங்க ஐயா.”

இசாபெக் நீட்டிய கையில் ஒரு சாவி இருந்தது. “சத்தம் வரக்கூடாதுன்னு அவன் சாவியை வெளிப்பக்கமே விட்டு வச்சிருந்தான். சாத்திப் பூட்டிட்டேன்.”

மேலே கதவை இரண்டு முஷ்டியாலும் குத்துகிற ஓசை ஆரம்பித்தது. தொலைவில், மில் பக்கமாக, போலீஸ் வண்டியின் ஊளை.

கீழே வந்து பெரியவரைக் காரில் உட்கார வைத்து, எர்மெக் தன் கோட்டையும் கழற்றிப் போர்த்தினான். அவர் விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. கனிகேய் அவற்றைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

“பின்னால நிக்கறது யாருன்னு முன்னமே தெரியுமா ஐயா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கதவு தொறந்ததுமே தெரியும். ஆறு வயசுல ஏணியிலேர்ந்து விழுந்தான். அதுலேர்ந்து இடது குதிகாலை இழுத்து வைப்பான். எத்தனை மெதுவா வந்தாலும் எனக்குத் தெரியாதா?” பெரியவர் முகத்தைக் கட்டிடத்தின் பக்கம் உயர்த்தினார். “நான் என் சமையலறையில இல்லன்னு நீ சொல்லிட்டே, அது தெரிஞ்சு என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். ‘மாமா’ன்னு கூப்பிடுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். நான் பட்டறைக் கதையெல்லாம் உங்கிட்டச் சொல்லலம்மா. அவன்கிட்டத்தான் சொன்னேன்.”

கனிகேய் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலேயிருந்து வந்த சத்தம் மாறியிருந்தது. குத்துவது நின்று, ஒரு ஆண்பிள்ளை விசும்புகிற ஓசை உடைந்த ஜன்னல்கள் வழியாக இறங்கி வந்தது. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

“தம்பி,” என்று எர்மெக் இருந்த பக்கம் கையை நீட்டினார். “கரண்ட் போடற ஆளு நீதானே?”

“ஆமாங்க.”

“அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து இருட்டுன்னா ஆகாது. போலீஸ் மேல ஏறி வர்ற வரைக்கும் அந்த லைட்டைப் போட்டு விடேன்.”

எர்மெக் கனிகேயைப் பார்த்தான். அவன் நொண்டியபடி டிரான்ஸ்ஃபார்மர் அறைக்குத் திரும்பிப் போய், இரண்டு கையாலும் லீவரை மேலே தள்ளினான்.